உங்கள் சி டிரைவ் சர்வருக்குத் தெரியாது

கேள்வி: வணக்கம் சார். சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் ஆய்வுப் பிரிவில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். தரவை அலசிக் கணக்கிடும் சாஸ் மென்பொருள் இத்தனை நாள் என் கணினியிலேயே இருந்தது. மாதா மாதம் 3-ம் தேதி ஒரு ப்ரோக்ராமை ஓட்டுவேன். கிளைவாரிக் கணக்கு முடிந்ததும், கடைசியில் உள்ள எக்ஸ் ஸ்டேட்மென்ட் (சாஸுக்கு வெளியே ஒரு கட்டளையைக் கொடுக்கும் வரி) என் சி டிரைவில் இருக்கும் ஒரு பேட்ச் ஃபைலை, அதாவது விண்டோஸ் கட்டளைகளின் பட்டியலை, கூப்பிடும். அது ஒரு பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டும். அந்த ஸ்கிரிப்ட் எக்செல் தாள்களை எங்கள் அலுவலக வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொரு கிளை மேலாளருக்கும் அவுட்லுக்கில் ஒரு டிராஃப்ட் தயார் செய்து வைக்கும். நான் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புவேன்.

இப்போது சாஸை லினக்ஸ் சர்வருக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் கையில் அந்த சர்வருடன் பேசும் என்டர்பிரைஸ் கைட் என்ற திரை மென்பொருள் மட்டும்தான். கணக்கெல்லாம் சரியாக வருகிறது. எக்ஸ் வரிக்கு வந்ததும் 'ஷெல் எஸ்கேப் இஸ் நாட் வேலிட் இன் திஸ் சாஸ் செஷன்' என்று லாகில் (ப்ரோக்ராம் ஓடியதன் குறிப்பேட்டில்) சிவப்பாக வந்து நிற்கிறது. ஐ.டி. பிரிவில் கேட்டால் 'பாலிசி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். "எக்ஸ்சிஎம்டி-யைத் திறந்துவிடச் சொல்லு, உன் ஃபோல்டரை ஷேர் பண்ணிடு, சரியாயிடும்" என்கிறார் பக்கத்து சீட் நண்பர். மேலாளரோ என் கோடில்தான் தப்பு என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் மேலாளருக்கான பதில். உங்கள் கோடில் தப்பு இல்லை. எட்டு வருடம் ஓடிய கோடு ஒரே இரவில் கெட்டுப்போகாது. மாறியது அது ஓடும் இடம்.

என்டர்பிரைஸ் கைட் உங்கள் கணினியில் திறப்பதால் வேலையும் அங்கேயே நடப்பதுபோலத் தெரியும். நடப்பதில்லை. நீங்கள் ரன் பட்டனை அழுத்தியதும் ப்ரோக்ராமின் எழுத்துகள் நெட்வொர்க் வழியாக சர்வருக்குப் போகின்றன. அங்கே உங்கள் பெயரில் ஒரு சாஸ் செஷன் அதை ஓட்டுகிறது. லாகும் விடைகளும் மட்டும் உங்கள் திரைக்குத் திரும்பி வருகின்றன. எக்ஸ் ஸ்டேட்மென்ட்டுக்குப் பொருள், 'இந்த செஷன் எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்தக் கணினியின் ஷெல்லில் (கட்டளைகளை ஏற்று ஓட்டும் பகுதியில்) இந்தக் கட்டளையைக் கொடு' என்பது. இதுவரை செஷன் ஓடிய கணினியும் உங்கள் மேசைக் கணினியும் ஒன்றாக இருந்ததால் இந்த வித்தியாசம் உங்கள் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

கல்யாண மண்டபத்தில் சமைப்பவரிடம் "பரணில் இருக்கிற அண்டாவை எடுங்க" என்று சொன்னால் அவர் மண்டபத்துப் பரணைத்தான் பார்ப்பார். நீங்கள் மனதில் வைத்துச் சொன்னது உங்கள் வீட்டுப் பரணை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மேலாளருக்குக் காட்ட ஒரு சின்ன சோதனை இருக்கிறது. மேக்ரோவின் புட் ஸ்டேட்மென்ட்டை வைத்து மூன்று மாறிகளை லாகில் அச்சிடுங்கள்: சிஸ்ஹோஸ்ட்நேம், சிஸ்எஸ்சிபிஎல், அப்புறம் அண்டர்ஸ்கோரில் தொடங்கும் கிளையன்ட்மெஷின். முதலாவது சர்வரின் பெயரைக் காட்டும். இரண்டாவது லினக்ஸ் என்று சொல்லும். மூன்றாவது என்டர்பிரைஸ் கைட் தானாக அனுப்பிவைக்கும் மாறி, அதில்தான் உங்கள் கணினியின் பெயர் இருக்கும். இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு கோடைப் பற்றிய பேச்சு எழாது.

அடுத்து நண்பர் சொன்னது. எக்ஸ்சிஎம்டி என்பது வெளிக் கட்டளைகளை அனுமதிக்கலாமா என்று சாஸ் செஷனைத் தொடங்கும்போது முடிவாகும் ஒரு ஆப்ஷன். மேசைக் கணினியில் அது திறந்திருக்கும். சர்வரில், என்டர்பிரைஸ் கைட் பேசும் ஒர்க்ஸ்பேஸ் சர்வருக்கு, ஆரம்பத்திலேயே மூடித்தான் வரும். சாஸ் மேனேஜ்மென்ட் கன்சோலில் நிர்வாகி ஒரு பெட்டியை டிக் செய்தால் திறக்கும். செஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஆப்ஷன்ஸ் வரி எழுதி மாற்ற முடியாது. எக்ஸ் மட்டுமல்ல, வெளிக் கட்டளை கொடுக்கும் சிஸ்எக்ஸெக், கால் சிஸ்டம், சிஸ்டாஸ்க் எல்லாவற்றுக்கும் இதே பூட்டுதான். கட்டளையின் விடையை ஃபைல்போலப் படிக்கும் ஃபைல்நேம் பைப் போட்டுச் சுற்றி வரலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்கும் 'பைப்பை அணுக அனுமதி போதாது' என்றுதான் பதில் வரும்.

சரி, ஐ.டி. பிரிவு மனமிரங்கி டிக் செய்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? உங்கள் கட்டளை லினக்ஸ் ஷெல்லுக்குப் போகும். அங்கே சி டிரைவ் கிடையாது. பேட்ச் ஃபைல் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. அவுட்லுக் இல்லை, எக்செல் இல்லை. இத்தனை நாள் 'ஷெல் எஸ்கேப்' என்று வந்த சிவப்பு வரிக்குப் பதிலாக வேறொரு பிழை வரும், அவ்வளவுதான். நான் பார்த்த வரையில் இந்த விஷயத்தில் அதிக நாட்கள் வீணாவது இங்கேதான். அனுமதி கேட்டு மூன்று வாரம் மெயில் அனுப்பி, மேலதிகாரி வரை போய், கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே வேறு வீடு.

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சியும் உங்கள் லாகிலேயே கிடைக்கும். சி டிரைவில் உள்ள ஒரு ஃபைலைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். 'ஃபைல் இல்லை' என்பதோடு, அது தேடிய முழுப் பாதையையும் காட்டும்: ஆப்ட் என்று தொடங்கி சாஸ்ஆப் வரை சர்வரின் சொந்த ஃபோல்டர் வரிசை, அதன் வாலில் ஒட்டவைத்ததுபோல உங்கள் 'சி' கோலன். லினக்ஸில் முழுப் பாதை என்றால் முன்சாய்வுக்கோட்டில் தொடங்க வேண்டும். 'சி' கோலனில் தொடங்குவதை அது ஏதோ ஒரு ஃபைலின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, தான் நிற்கும் ஃபோல்டருக்குள்ளேயே தேடுகிறது. இந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு சர்வரில் யாரோ தன் கணினியின் நகலை வைத்திருக்கிறார்கள் என்று நம்பிய ஒருவரை எனக்குத் தெரியும்.

ஃபோல்டரை ஷேர் செய்யும் யோசனையில் இன்னொரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. ஷேர் செய்து, லினக்ஸ் நிர்வாகி அதை மவுன்ட்டும் செய்துகொடுத்தால் (சர்வரின் ஃபோல்டர்களில் ஒன்றாக இணைத்தால்), சர்வரால் உங்கள் ஸ்கிரிப்ட் ஃபைலைப் படிக்க முடியும். ஆனால் ஒரு ஃபைல் எங்கே கிடக்கிறது என்பது வேறு, அது எங்கே ஓடுகிறது என்பது வேறு. ஷேரில் இருக்கும் பைத்தான் ஸ்கிரிப்டை சர்வர் எடுத்து ஓட்டினால், அது சர்வரின் பைத்தானில், சர்வரின் நினைவகத்தில்தான் ஓடும். அவுட்லுக்கைத் தேடும் வரி அங்கேயும் விழத்தான் செய்யும். அலுவலக மடிக்கணினியை ஷேராகத் திறந்துவைப்பது பாதுகாப்பு ஆட்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது தனிக் கதை.

ஐ.டி. பிரிவு 'பாலிசி' என்று சொன்ன விதம் எனக்கும் பிடிக்கவில்லை, காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். காரணம் நியாயமானதே. எக்ஸ்சிஎம்டி திறந்தால், சாஸ் ப்ரோக்ராம் எழுதத் தெரிந்த ஒவ்வொருவர் கையிலும் சர்வரின் ஷெல் வந்துவிடுகிறது. ஒர்க்ஸ்பேஸ் சர்வரில் பொதுவாக அவரவர் கணக்கில் செஷன் ஓடும், சேதம் அவரவர் எல்லைக்குள் நிற்கலாம். சேமித்துவைத்த ப்ரோக்ராம்களைப் பலருக்காக ஓட்டும் ஸ்டோர்டு ப்ராசஸ் சர்வர் அப்படி இல்லை. அங்கே எல்லோருடைய வேலையும் ஒரே பொதுக் கணக்கின் பெயரில் ஓடும். பல வருடங்களுக்கு முன் நான் நிர்வாகம் பார்த்த ஓர் இடத்தில் நச்சரிப்பு தாங்காமல் அதில் திறந்துவிட்டேன். ஒருவர் தன் பழைய ஃபைல்களை அழிப்பதாக நினைத்துக் கொடுத்த கட்டளையில் ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய மாறி காலியாக இருந்தது. பொதுக் கணக்கு எழுதக்கூடிய இடம் முழுவதும் துடைத்து எடுக்கப்பட்டது. பேக்கப்பிலிருந்து மீட்டு முடிக்கும்போது இரவு இரண்டு மணி. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை, டிக் செய்தது நான்தானே.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியையே திருப்பிப் போடலாம். 'சர்வரிலிருந்து என் கணினியின் ஸ்கிரிப்டை எப்படிக் கூப்பிடுவது' என்று கேட்டால் சரியான பதில் கிடையாது. சர்வர் எங்கே இருக்கிறது என்று உங்கள் கணினிக்குத் தெரியும். உங்கள் கணினி எங்கே இருக்கிறது, இன்று திறந்திருக்கிறதா, வி.பி.என். வழியாக வீட்டில் இருக்கிறதா என்பதெல்லாம் சர்வருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. பேச்சை எப்போதும் உங்கள் பக்கம்தான் தொடங்குகிறது. எனவே ஸ்கிரிப்ட் முதலாளியாக இருக்கட்டும், சாஸ் அது ஏவும் வேலையாளாக இருக்கட்டும். இத்தனை நாள் சாஸ் முதலில் ஓடி, கடைசியில் பைத்தானைக் கூப்பிட்டது. இனி பைத்தான் முதலில் ஓடி, சாஸைக் கூப்பிட்டு, விடையை வாங்கிக்கொண்டு, மீதி வேலையைத் தானே முடிக்கட்டும்.

உங்களுக்கு இதில் அதிர்ஷ்டம் இருக்கிறது, பைத்தான் ஏற்கெனவே கையில் இருக்கிறது. சாஸ் நிறுவனமே திறந்த மூலமாக வெளியிட்டிருக்கும் சாஸ்பை என்ற நூலகத்தை உங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். விண்டோஸிலிருந்து தொலைவில் இருக்கும் லினக்ஸ் ஒர்க்ஸ்பேஸ் சர்வருடன் பேச அது ஐ.ஓ.எம். என்ற வழியைப் பயன்படுத்துகிறது. அதற்கு உங்கள் கணினியில் ஜாவா வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள், 'பைத்தான் நூலகத்துக்கு ஜாவா எதற்கு' என்று. வேண்டும், அவ்வளவுதான். அமைப்பு ஃபைலில் சர்வரின் பெயரும் போர்ட் எண்ணும் எழுத வேண்டும். கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதாதீர்கள். அதற்கென்று உங்கள் யூசர் ஃபோல்டரில் ஆத்இன்ஃபோ என்ற தனி ஃபைல் வைக்கும் முறை இருக்கிறது, அதில் இருக்கட்டும்.

அதன் பிறகு வேலை நேர்கோட்டில் போகும். உங்கள் பழைய ப்ரோக்ராமில் எக்ஸ் வரியை மட்டும் நீக்கிவிட்டு, மீதியை அப்படியே சப்மிட் என்ற செயற்கூறு வழியாக அனுப்புங்கள். எக்செல் ஃபைலை சர்வரில் உங்கள் சொந்த ஃபோல்டரில் எழுதச் சொல்லுங்கள். டவுன்லோட் செயற்கூறு அதை உங்கள் கணினிக்குக் கொண்டுவந்துவிடும். இனி இருப்பது எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் அதே வடிவமைப்பு, அதே அவுட்லுக் டிராஃப்ட். அந்த வரிகளைத் தொடவே வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் பெரியது. சாஸ் ப்ரோக்ராமில் பிழை வந்தாலும் சப்மிட் பொதுவாகப் பைத்தானை நிறுத்தாமல் திரும்பி வந்துவிடும். லாகையும் அச்சு விடையையும் கையில் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளும், பைத்தான் அடுத்த வரிக்குப் போய்விடும். கணக்கு பாதியில் விழுந்திருந்தால், போன மாத எக்செல் ஃபைல் சர்வரில் அப்படியே கிடக்க, அதை இறக்கி, அழகாக வடிவமைத்து, கிளை மேலாளர்களுக்கு இந்த மாத டிராஃப்ட் தயாராகிவிடும். தலைப்பில் இந்த மாதத்தின் பெயர், உள்ளே போன மாதத்தின் எண்கள். நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புபவர் என்பது ஆறுதல். ஆனால் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தால் எந்தக் கண்ணும் ஏமாறும். அதனால் ப்ரோக்ராமின் முதல் வேலையாகப் பழைய எக்செலை அழிக்கச் சொல்லுங்கள். இதற்கு எக்ஸ்சிஎம்டி தேவையில்லை, எஃப்டெலீட் என்ற சாஸ் செயற்கூறே போதும். சப்மிட் முடிந்ததும் லாகில் 'எரர்' என்று தொடங்கும் வரி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடட்டும்.

சாஸ்பை நிறுவ அனுமதி கிடைக்காவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. என்டர்பிரைஸ் கைடில் ப்ராஜெக்டை ஷெட்யூல் செய்யும் வசதி ஒன்று உண்டு. அதை அழுத்தினால் அது ஒரு விபிஸ்கிரிப்ட் (விண்டோஸ் ஸ்கிரிப்ட்) ஃபைலை உருவாக்கி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிடம் ஒப்படைக்கும். அந்த ஸ்கிரிப்ட் ஓடுவது உங்கள் கணினியில். அதைத் திறந்து, ப்ராஜெக்டை ஓட்டிச் சேமிக்கும் வரிகளுக்குப் பின்னால் உங்கள் பேட்ச் ஃபைலைக் கூப்பிடும் ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். உங்கள் என்டர்பிரைஸ் கைட் 32 பிட் பதிப்பாக இருந்தால், 64 பிட் விண்டோஸில் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் உள்ள சிஸ்கிரிப்டை (விபிஸ்கிரிப்டை ஓட்டும் ப்ரோக்ராமை) வைத்துத்தான் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் 'ஆப்ஜெக்டை உருவாக்க முடியவில்லை' என்று நிற்கும், அரை நாள் போய்விடும்.

சர்வரில் உள்ள எக்செலை உங்கள் கணினிக்குக் கொண்டுவர, ப்ராஜெக்டிலேயே காப்பி ஃபைல்ஸ் என்ற டாஸ்க்கைச் சேருங்கள். சற்றே புதிய பதிப்புகளில் அது உள்ளேயே வருகிறது. அது சர்வர், உங்கள் கணினி இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியது, எனக்கு மிகவும் பிடித்த டாஸ்க்கும் அதுதான். இந்த மாதம் 3-ம் தேதிக்குள் வேறு எதுவும் தயாராகாது என்றால், இதை மட்டும் வைத்து எக்செலை இறக்கிக்கொண்டு, பேட்ச் ஃபைலைக் கையால் இரட்டை கிளிக் செய்யுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒரு இரட்டை கிளிக்கில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. சொல்லப்போனால், பல அலுவலகங்களுக்கு இதுவே போதும்.

இன்னொன்றும் யோசியுங்கள். அந்த ஸ்கிரிப்ட் செய்வதில் எவ்வளவு உங்கள் கணினியில் நடந்தே ஆக வேண்டும்? தலைப்பு, நிறம், நெடுவரிசை அகலம் போன்ற எக்செல் அலங்காரத்தில் பெரும்பகுதியை சர்வரிலேயே சாஸின் எக்செல் வெளியீட்டு வசதியான ஓ.டி.எஸ். எக்செல் செய்துவிடும். உங்களிடம் சாஸ் 9.4 இருந்தால் அது இருக்கவே வாய்ப்பு அதிகம். மெயில்கூட சர்வரிலிருந்தே போகலாம், ஐ.டி. பிரிவு மெயில் சர்வரை இணைத்துக் கொடுத்திருந்தால் மெயில் அனுப்பும் சாஸ் வரியான ஃபைல்நேம் ஈமெயில் போதும். ஆனால் அது டிராஃப்டாக நிற்காது, நேரே போய்விடும். நீங்கள் பார்த்துவிட்டு அனுப்பும் அந்த ஒரு நிமிடத்தை நான் இழக்க மாட்டேன். அதற்காகவே அவுட்லுக் பகுதியை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அலங்காரத்தை சர்வருக்கு மாற்றுவது உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் கவனம், கிளைம் தரவில் பாலிசிதாரர் பெயரும் நோய் விவரமும் இருக்கும். கிளைவாரிக் கூட்டுத்தொகை மட்டும் போதும் என்றால் அதை மட்டும் இறக்குங்கள், முழு டேபிளை மடிக்கணினிக்குக் கொண்டுவராதீர்கள்.

கோடை மாற்றும்போது சில சில்லறைத் தொல்லைகள் வரும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு, எனவே ஃபைல் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். கட்டளைச் சாளரத்தைத் தானாக மூடச் சொல்லும் நோஎக்ஸ்வெயிட் ஆப்ஷன் விண்டோஸ் சாஸுக்கு மட்டும் உரியது, அதை நீக்கிவிடுங்கள். எக்செலுடன் டி.டி.இ. என்ற விண்டோஸ் இணைப்பு வழியாகப் பேசும் பழைய வரிகள் எங்காவது ஒளிந்திருந்தால் அவையும் இனி நடக்காது.

உங்கள் நண்பர் முழுக்கத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். ஸ்கிரிப்ட் சர்வரிலேயே இருந்து, சர்வரிலேயே ஓட வேண்டியதாக இருந்தால் எக்ஸ்சிஎம்டி கேட்பது சரிதான், பெரிய ஃபைலைச் சுருக்குவது, இன்னொரு சர்வருக்கு அனுப்புவது போன்றவற்றுக்கு. அப்போதும் எல்லோருக்குமாகத் திறக்கச் சொல்லாமல், குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் தனி ஒர்க்ஸ்பேஸ் சர்வர் அமைத்து அதில் திறக்கச் சொல்ல வேண்டும். உங்கள் வேலை அந்த வகை இல்லை.

உங்கள் அலுவலகத்தில் சிலர் பைத்தான், ஆர் கோடை சர்வரில் ஓட்டும் ஜூபிடர்ஹப்போ ஆர்ஸ்டூடியோ சர்வரோ பயன்படுத்தினால் அவர்களுக்கும் இதே கதைதான், பிரவுசரில் தெரிவதால் குழப்பம் இன்னும் கூடுதல். கூகுளின் பைத்தான் நோட்புக் சேவையான கொலாபில் ஆச்சரியக்குறி போட்டுக் கொடுக்கும் கட்டளை கூகுளின் கணினியில்தான் ஓடும். அதிலும் தீர்வு திசையைத் திருப்புவதுதான்: 'லோக்கல் ரன்டைம்' என்று தேர்ந்தெடுத்தால் அதே பக்கம் உங்கள் கணினியில் ஓடும் ஜூபிடருடன் பேசத் தொடங்கும்.

ஐ.டி. பிரிவுக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள். எக்ஸ்சிஎம்டி பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், அந்தச் சொல்லைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். இப்படி எழுதலாம்: "என் கணினியிலிருந்து சாஸ் ஒர்க்ஸ்பேஸ் சர்வருக்கு சாஸ்பை மூலம் ஐ.ஓ.எம். இணைப்பு வேண்டும். என்டர்பிரைஸ் கைடில் எனக்கு இப்போது இருக்கும் அதே அனுமதி போதும், கூடுதலாக எதுவும் தேவையில்லை. சர்வரின் முழுப் பெயர், போர்ட் எண், என் கணினியில் ஜாவா நிறுவ அனுமதி, இந்த மூன்றும் தந்தால் போதும்." போர்ட் வழக்கமாக 8591. அவர்கள் மாற்றியிருக்கலாம், அதனால் நீங்களாக அடித்துப் பார்க்காமல் கேட்டே வாங்கிக்கொள்ளுங்கள்.